கௌட்டோகெய்னோவில் ஒரு குளிர்காலம்: ஸாமி மக்களை எடுத்த இரண்டு கேமராக்கள்

1882ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், நார்வேயின் வடகோடியில் இருக்கும் ஃபின்மார்க் பகுதிக்கு டேனிஷ் பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் சோபுஸ் ட்ரோம்ஹோல்ட். வயது 31. அவர் தங்கிய ஊர் கௌட்டோகெய்னோ. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, மேட்டு நிலத்தின் நடுவே இருக்கும் ஊர். வடக்கு ஸ்காண்டிநேவியாவின் பூர்வகுடிகளான ஸாமி மக்களின் ஊர். பனிமான் மேய்க்கும் குடும்பங்கள் கோடையில் மந்தையோடு கடலோரத்துக்குப் போய்விடுவார்கள், குளிர்காலத்தில்தான் இந்தப் பக்கம் திரும்புவார்கள். ட்ரோம்ஹோல்ட் அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்தார்.

1884 கோடையில் பாரிஸிலிருந்து இன்னொரு குழு வடக்கு ஸ்காண்டிநேவியாவுக்கு வந்தது. தலைவர் ரோலாண்ட் போனபார்ட் இளவரசர். நெப்போலியனின் தம்பி லூசியனின் பேரன், வயது 26, கையில் ஏராளமான பணம். கூட வந்தவர்களிடம் கேமராவும் இருந்தது, உடலை அளக்கும் கருவிகளும் இருந்தன.

இரண்டு தரப்பும் படம் எடுத்தது ஸாமி மக்களைத்தான். நடுவில் ஓர் ஆண்டுதான் இடைவெளி, தொழில்நுட்பமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே மக்கள்தானா என்று சந்தேகம் வரும். அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தேடியதுதான் இந்த ஆய்வு. ட்ரோம்ஹோல்ட் நல்லவர், போனபார்ட் கெட்டவர் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம், பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அந்த விடை போதவில்லை.

வந்த வேலை வேறு

ட்ரோம்ஹோல்ட் வடக்கே போனது முகங்களைத் தேடி இல்லை, வானத்தைத் தேடி. துருவ ஒளி, அதாவது துருவப் பக்கத்து இரவு வானில் அலையும் ஒளி, அவருடைய தீராத ஆசை. பெர்கன் நகரில் ஆசிரியராக இருந்தபோதே, 1878 முதல், ஸ்காண்டிநேவியா முழுவதும் இருந்த பலருக்குக் கடிதம் எழுதி, எந்த இரவில், எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் ஒளி தெரிந்தது என்று குறிப்புகள் சேர்த்து வந்தார். 1882–83 முதலாவது சர்வதேச துருவ ஆண்டு. கார்ல் வைப்ரெக்ட் என்ற ஆஸ்திரியக் கடற்படை அதிகாரி போட்ட திட்டத்தின்படி பல நாடுகள் துருவப் பகுதிகளில் ஒரே சமயத்தில் ஆய்வு நிலையங்கள் அமைத்தன. நார்வேயின் நிலையம் கடலோரத்தில் போசெகோப் என்ற இடத்தில் இருந்தது. அங்கிருந்து தெற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த கௌட்டோகெய்னோவை ட்ரோம்ஹோல்ட் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிமையான கணக்கு: ஒரே ஒளியை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களிலிருந்து பார்த்து, கோணங்களை ஒப்பிட்டால், அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம்.

கேமராவும் அந்த ஆராய்ச்சிக்கு உதவும் என்று நினைத்தார். துருவ ஒளியைக் கேமராவின் கண்ணாடித் தகட்டில் பிடித்துவிட்டால் கோணத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாமே. ஆனால் எத்தனை நேரம் திறந்து வைத்தாலும் தகட்டில் ஒன்றும் பதியவில்லை. அந்த வெளிச்சம் அன்றைய தகடுகளுக்குப் போதவில்லை. துருவ ஒளியின் தெளிவான முதல் படத்தை மார்ட்டின் பிரெண்டல் என்ற ஜெர்மானியர் எடுக்க 1892 ஆகிவிட்டது. அதுவும் அதே போசெகோப்பில்.

வானம் ஏமாற்றினாலும் பகல் வெளிச்சத்துக்கு அந்தத் தகடுகள் நன்றாகவே வேலை செய்தன. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் அந்த ஊருக்குத் திரும்பி வரும். அதற்கப்புறம் பகல் வேகமாக நீளும், தரையெல்லாம் பனி. பனிவெளி கீழேயிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் முகத்தில் கறுத்த நிழல் விழாது. ஒரு ஸ்டுடியோவில் காசு செலவழித்து அமைக்க வேண்டிய வெளிச்சம் அங்கே சும்மா கிடைத்தது. ட்ரோம்ஹோல்ட் ஊர்க்காரர்களைப் படம் எடுத்தார்.

என் பார்வையில் இந்த நிகழ்வின் முக்கியமான புள்ளி இதுதான். அவருக்கு அந்த மக்களின் உடலிடமிருந்து எந்தத் தகவலும் தேவைப்படவில்லை. மண்டையின் அகலத்தை அவர் தேடவில்லை. அவர் தேடியது தலைக்கு மேலே இருந்தது. பல மாதம் ஒரே ஊரில் அவர்களோடு இருந்து, முகம் பழகி, பெயர் தெரிந்து, அப்புறம் எடுத்த படங்கள் இவை.

தகடு

ஐந்தாறு ஆண்டு முன்னால் வந்திருந்தால் இந்தப் படங்களே இருந்திருக்காது. அதுவரை புழக்கத்தில் இருந்தது ஈரத் தகடு. கண்ணாடியில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் அவகாசம். போகிற இடமெல்லாம் இருட்டறைக் கூடாரம், புட்டிகள், தண்ணீர் என்று சுமந்து போக வேண்டும். தண்ணீரே உறையும் இடத்தில் இது எவ்வளவு பாடு என்று சொல்லத் தேவையில்லை. 1871இல் ரிச்சர்ட் மேடக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர் தகட்டுக்கு வழி காட்டினார். 1870களின் கடைசியில் அது தொழிற்சாலைப் பொருளாகவே கடைக்கு வந்துவிட்டது. பெட்டியில் வாங்கிப் போகலாம், எடுத்தபின் நிதானமாகக் கழுவலாம். திறந்து வைக்கும் நேரமும் வெகுவாகக் குறைந்தது. தொழில்முறைப் புகைப்படக்காரராக இல்லாத ஓர் ஆசிரியரால் இவ்வளவு நல்ல படங்கள் எடுக்க முடிந்ததற்கு இது பெரிய காரணம்.

ஆனால் அந்தத் தகட்டுக்கு ஒரு குறை உண்டு, இந்தப் படங்களைப் பார்க்கும் எவரும் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அது நீலத்தையும் புற ஊதாவையும் மட்டுமே நன்றாக உணரும். மஞ்சள், சிவப்பு இரண்டும் அதற்கு இருட்டு. ஸாமி மக்களின் மரபு உடையான காக்தி பெரும்பாலும் நீலக் கம்பளித் துணியில் தைத்தது. அதன் ஓரங்களிலும் தோளிலும் சிவப்பு, மஞ்சள் பட்டைகள் ஓடும். கண்ணுக்கு நீலம் அடக்கமாகவும் சிவப்பும் மஞ்சளும் பளிச்சென்றும் தெரியும். தகட்டில் இது தலைகீழ்: நீலம் வெளிறும், சிவப்புப் பட்டை கிட்டத்தட்டக் கறுப்பாகும், மஞ்சளும் மங்கிவிடும். படத்தில் துக்க உடை மாதிரி தெரிவது நேரில் பார்த்தால் திருவிழா உடையாக இருந்திருக்கும்.

உடையோடு போகவில்லை இந்தக் குறை. பனியிலும் காற்றிலும் வெயிலிலும் வாழ்ந்து சிவந்த தோல், தகட்டில் உண்மையை விடப் பல மடங்கு கறுப்பாகவும் கரடாகவும் விழும். சிறு புள்ளியும் சுருக்கமும் பெரிதாகத் தெரியும். நீலக் கண் இருந்தால் அது வெளிறிப்போய், பார்வையே இல்லாதது போல் ஆகிவிடும். அந்தக் காலத்து மானிடவியலாளர்கள் இப்படிப்பட்ட படங்களை மேசையில் பரப்பி வைத்துத் தோலின் நிறம், முகத்தின் முரட்டுத்தனம் என்று குறிப்பெழுதினார்கள். அவர்கள் எழுதியதில் எவ்வளவு மனிதரைப் பற்றியது, எவ்வளவு தகட்டில் பூசிய வெள்ளி புரோமைடைப் பற்றியது என்று யோசித்தால் கோபம் வருகிறது.

முன்னும் பக்கமும்

போனபார்ட்டின் முறைக்கு ஒரு பின்னணி உண்டு. 1869இல் இங்கிலாந்தில் தாமஸ் ஹக்ஸ்லி, குடியேற்ற நாட்டு மக்களைப் படமெடுக்க ஒரு விதிமுறை வகுத்தார்: ஒரே தூரம், நேர் முகம் ஒன்று, பக்கவாட்டு முகம் ஒன்று, அருகில் அளவுகோல். அதே காலத்தில் ஜான் லாம்ப்ரி என்பவர் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் பட்டுநூல் கட்டிய சட்டத்தைப் பின்னால் வைத்து ஆட்களை எடுக்கலாம் என்றார். படத்தை வைத்தே உடலை அளந்துவிடலாம் என்பது யோசனை. இப்படி எடுத்த படங்களை உலகம் முழுவதிலிருந்தும் சேர்த்து ஒப்பிட்டால் மனித இனங்களின் அட்டவணை தயாராகிவிடும் என்று நம்பினார்கள்.

போனபார்ட் வடக்கே போகும் முன்பே இந்த வேலையைத் தொடங்கியிருந்தார். பாரிஸில் ழார்தான் தாக்ளிமத்தாசியோன் என்ற பூங்கா இருந்தது. விலங்குகளோடு மனிதர்களையும் காட்சிக்கு வைத்த இடம். அங்கே 1883இல் கொண்டுவரப்பட்ட அமெரிக்கப் பூர்வகுடிகளான ஒமாஹா மக்களை எடுத்தார். அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்குக் கொண்டுவரப்பட்ட சூரினாம் மக்களையும் எடுத்தார். ஸாமி மக்களும் இப்படிக் காட்சிக்கு வைக்கப்பட்டவர்கள்தான். 1875இல் கார்ல் ஹாகன்பெக் என்ற விலங்கு வியாபாரி ஒரு ஸாமி குடும்பத்தைப் பனிமான்களோடு ஹாம்பர்க்குக்கு வரவழைத்துக் காட்டினார். கூட்டம் அள்ளியது, ஐரோப்பா முழுக்க இந்த வழக்கம் பரவியது. சரி, ஊருக்கே போய் எடுத்தால் இன்னும் முழுமையாக இருக்கும் என்பது 1884 பயணத்தின் தர்க்கம்.

அப்படி எடுத்தவை பல நூறு படங்கள். ஒவ்வொருவரும் இரண்டு முறை உட்கார வேண்டும், ஒன்று நேராக, ஒன்று பக்கவாட்டில். கூடவே உடல் அளவுகள். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: போனபார்ட் குழுவும் பெயரையும் வயதையும் குறித்து வைத்தது. பெயர் எழுதினால் மரியாதை, எழுதாவிட்டால் அவமதிப்பு என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. பெயர் இருந்தும் அந்தப் படங்களில் ஆள் எட்டியே நிற்கிறார். எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே பார்ப்பது, எல்லாம் ஏற்கெனவே முடிவான விஷயம். உட்கார்ந்தவருக்கு என்று ஒன்றும் மிச்சமில்லை.

ட்ரோம்ஹோல்ட் எடுத்தவற்றில் மார்பளவுப் படங்கள் நிறைய. ஒருவர் லென்ஸை நேராகப் பார்க்கிறார், இன்னொருவர் சற்று விலகிப் பார்க்கிறார். ஒரே மாதிரி அடுத்தடுத்து வருவதில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அந்தத் தொகுப்பை அட்டவணையாக அடுக்க முடியாது என்பது. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டு அளக்க அதில் வழியே இல்லை. அறிவியலுக்குப் பயன்படாத படங்கள், அதனாலேயே மனிதர்களாக நிற்கிறார்கள்.

ட்ரோம்ஹோல்டைப் புனிதராக்கவும் கூடாது. அவர் படங்களை அச்சிட்டு விற்றார், படத்தொகுப்பாக வெளியிட்டார், பயண நூலில் சேர்த்தார். வடக்கைப் பற்றிப் படிக்க ஐரோப்பாவில் ஆர்வம் இருந்தது, அவருக்குப் பணமும் தேவைப்பட்டது. அவருடைய எழுத்தில் அந்தக் காலத்து ஐரோப்பியரின் மேட்டிமை ஆங்காங்கே எட்டிப் பார்க்கும். ஸாமி மக்களுக்காகப் பரிந்து பேசும் இடங்களிலும் மேலேயிருந்து குனிந்து பார்க்கும் தொனி விடாது.

லார்ஸ் ஹெட்டா

இந்த ஆய்வில் நான் நீண்ட நேரம் நின்றுவிட்ட இடம் ஒரே ஒரு படம். ட்ரோம்ஹோல்ட் எடுத்த லார்ஸ் ஹெட்டாவின் படம். 1834இல் பிறந்தவர், கேமரா முன் உட்கார்ந்தபோது ஐம்பதை நெருங்கியிருந்தார்.

முப்பது ஆண்டுக்கு முந்தைய கதை தெரியாமல் அந்தப் படத்தைப் பார்த்தால் பாதிதான் தெரியும். லார்ஸ் லெவி லெஸ்டாடியுஸ் என்ற மதகுருவின் போதனை 1840களில் ஸாமி மக்களிடையே தீயாகப் பரவியது. அவர் கடுமையாகச் சாடியது சாராயத்தை. கௌட்டோகெய்னோவில் சாராயம் விற்றவர் ஊர் வியாபாரி. அவருக்குத் துணை நின்றது ஊர்க் காவல் அதிகாரியும் திருச்சபையும் என்று மக்கள் பார்த்தார்கள். வழிபாட்டில் கலகம் செய்ததாகப் பலருக்குச் சிறையும் அபராதமும் விழுந்திருந்தன. 1852 நவம்பர் 8ஆம் தேதி ஒரு கூட்டம் ஊருக்குள் புகுந்து வியாபாரியையும் காவல் அதிகாரியையும் கொன்றது. ஊர்த் திருச்சபையின் மதகுருவைச் சாட்டையால் அடித்தார்கள், வியாபாரியின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்த ஸாமி மக்களே கடைசியில் கலகக்காரர்களை அடக்கினார்கள்.

தலைவர்களான அஸ்லாக் ஹெட்டா, மோன்ஸ் சோம்பி இருவரும் 1854 அக்டோபர் 14 அன்று ஆல்டாவில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உடல்கள் அங்கேயே புதைக்கப்பட்டன. தலைகளை மட்டும் கிறிஸ்டியானியா பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் நிலையத்துக்கு அனுப்பி வைத்தார்கள். கிறிஸ்டியானியா என்பது இன்றைய ஆஸ்லோ.

லார்ஸ், அஸ்லாக்கின் தம்பி. கலகத்தின்போது வயது 18. அவருக்கும் மரண தண்டனைதான் விதித்தார்கள், வயதைக் காரணம் காட்டி ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். ஆகெர்ஷூஸ் கோட்டைச் சிறையில் இருந்த காலத்தில் அவர் பைபிளின் பகுதிகளை வடக்கு ஸாமி மொழிக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கினார். தன் மக்களிடையே எழுந்த சமய எழுச்சியைப் பற்றியும் கலகத்தைப் பற்றியும் கைப்பட எழுதி வைத்தார். 1867இல் மன்னிப்புக் கிடைத்து ஊர் திரும்பினார்.

இப்போது அந்த 1883ஐ நினைத்துப் பாருங்கள். லார்ஸ் தன் ஊரில் கேமரா முன் உட்கார்ந்திருக்கிறார். அண்ணனின் மண்டை ஓடு தலைநகரில் ஓர் ஆராய்ச்சி அலமாரியில் இருக்கிறது. அடுத்த ஆண்டு பாரிஸிலிருந்து வரப்போகும் குழு அந்த அலமாரியின் அறிவியலைத்தான் உயிரோடு இருப்பவர்களிடம் செய்து பார்க்கப் போகிறது. வெட்டி எடுத்த தலையும், முன்பக்கம் பக்கவாட்டு என்று எடுத்த படமும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள். லார்ஸின் படம் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல மறுக்கிறது. அதில் இருப்பவர் ஒரு மொழிபெயர்ப்பாளர், எழுத்தாளர், தண்டனை அனுபவித்துத் திரும்பியவர். ஓர் இனத்தின் மாதிரி என்று அவரை வைக்க அந்தப் படத்தில் இடமே இல்லை.

அண்ணனின் தலை வடக்கே திரும்ப இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. உறவினர்களும் ஸாமி அமைப்புகளும் விடாமல் கேட்ட பிறகு 1997இல்தான் இரண்டு மண்டை ஓடுகளும் திருப்பித் தரப்பட்டு, ஆல்டாவில் கோஃபியோர்ட் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. மோன்ஸ் சோம்பியின் மண்டை ஓடு ஆஸ்லோவில் கூட இல்லை. இன்யூட் மண்டை ஓடுகளுக்குப் பண்டமாற்றாகக் கோபன்ஹேகனுக்குப் போயிருந்தது. வடதுருவத்தின் இரண்டு பூர்வகுடிகளின் தலைகளை இரண்டு நிறுவனங்கள் மாற்றிக்கொண்டன என்பதை எத்தனை முறை படித்தாலும் ஜீரணிக்க முடியவில்லை.

பிறகு

படங்கள் தனியாக நிற்கவில்லை, சட்டங்களும் கூடவே வந்தன. 1880இல் நார்வே அரசு பள்ளிகளில் நார்வேஜிய மொழியே பயிற்று மொழி, ஸாமி துணைக்கு மட்டும் என்று ஆணையிட்டது. 1902 நிலச் சட்டமும் அதன் விதிகளும் ஃபின்மார்க்கில் அரசு நிலம் வாங்க நார்வேஜிய மொழி பேசவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும் என்றன. ஸ்வீடன் 1922இல் உப்சாலாவில் இன உயிரியலுக்கென்று ஓர் அரசு நிறுவனமே திறந்தது. அதன் தலைவர் ஹெர்மன் லுண்ட்போர்க் ஸாமி ஊர்களுக்குப் போய், பெரியவர்களையும் பள்ளிக் குழந்தைகளையும் அளந்தார், படமெடுத்தார், சிலரை உடையின்றியும் நிற்க வைத்தார். போனபார்ட்டின் கேமரா நின்ற இடத்திலிருந்து அங்கே போக அதிக தூரமில்லை.

ட்ரோம்ஹோல்ட் பின்னாளில் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தார், 1896இல் இறந்தார். லார்ஸ் ஹெட்டா இறந்ததும் அதே ஆண்டுதான். ஆசிரியரின் கண்ணாடித் தகடுகள் பெர்கன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. 2013இல் யுனெஸ்கோ அந்தத் தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. துருவ ஒளியைப் பற்றி அவர் உழைத்துச் சேர்த்த கணக்குகள் அறிவியல் வரலாறு படிப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

இன்று இந்தப் படங்களுக்கு வண்ணம் பூசி இணையத்தில் நிறையப் பேர் பகிர்கிறார்கள். அதில் எனக்கு ஒரு கவலை உண்டு. மென்பொருள் கறுப்பு வெள்ளைச் சாயலை வைத்து நிறத்தை ஊகிக்கிறது. ஆனால் இந்தத் தகட்டில் நீலம் வெளிறியும் சிவப்பு கறுத்தும் விழுந்திருக்கிறது. மென்பொருளுக்கு அது தெரியாது. வெளிறிய நீலத் துணியைச் சாம்பல் ஆக்கிவிடும், சிவப்புப் பட்டையைப் பழுப்பு ஆக்கிவிடும், காற்றில் சிவந்த தோலைக் கறுத்த தோல் என்றே வைத்துக்கொள்ளும். 1880களின் வேதியியல் செய்த பிழை புது வண்ணத்தோடு உறுதியாகிவிடும்.

சரியான நிறத்தைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். காக்தியின் பட்டைகள் எந்த வரிசையில் வருகின்றன, கழுத்துப் பட்டி எப்படி, தொப்பி எப்படி என்று பார்த்தே அணிந்தவர் எந்த ஊர்ப் பக்கம் என்று சொல்லிவிடுகிறவர்கள் இன்றும் கௌட்டோகெய்னோவில் காக்தி தைக்கிறார்கள். போனபார்ட்டின் படங்களைப் பாரிஸில் வைத்திருக்கும் நிறுவனங்களும் பெர்கன் நூலகமும் ஒவ்வொரு படத்தின் விவரக் குறிப்பையும் அந்த மக்களோடு உட்கார்ந்து திருத்தி எழுத வேண்டும். குடும்பப் பெயர்கள் அங்கே அப்படியே தொடர்கின்றன. ஹெட்டா என்ற பெயரோடு இன்றும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.